எந்த ஏரியின் தண்ணீர்?

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. சென்னை வட்டாரத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரி மழை ஏறத்தாழ 140 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 49 செ.மீ. மழை பெய்தால் அது 49 கோடி லிட்டர் தண்ணீர். நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் நிரம்பி, மண்ணும் ஊறிப் போயிருந்த நேரத்தில் அத்தனை நீரும் வந்து இறங்கியது.

அன்று சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தின் கதை நம் நினைவில் செம்பரம்பாக்கம் ஏரியின் கதையாகவே பதிந்திருக்கிறது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதையும், எச்சரிக்கை போதிய நேரத்தில் மக்களைச் சேரவில்லை என்பதையும் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்தோம். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. அடையாற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்களுக்கு அந்த விவாதம் நியாயமானது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் மேற்கு தாம்பரத்துக்கும் அது பொருந்தாது.

அடையாறு ஆதனூர்ப் பக்கத்தில் தொடங்குகிறது. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக மேற்கு தாம்பரத்தின் ஓரமாக வடக்கு நோக்கி வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அதில் வந்து சேரும் இடம் திருநீர்மலை அருகே. முடிச்சூர் அந்தச் சேர்க்கைக்கு மேலே இருக்கிறது. அங்கே வீடுகளுக்குள் புகுந்து மாடிவரை மக்களை விரட்டிய தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், ஒரத்தூர் என மேற்கிலும் தெற்கிலும் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஏரிகளின் கலங்கல் வழியாக வழிந்த உபரிநீர். அந்த ஏரிகளில் அன்றிரவு எவ்வளவு நீர் நின்றது, எந்தக் கலங்கல் எந்த உயரத்தில் பாய்ந்தது என்று கீழே இருந்தவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. எல்லாத் தொலைக்காட்சிகளும் செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தை அடி அடியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடையாற்றின் தலைமாட்டில் இருந்தவர்களுக்குத் தங்களை நோக்கி வரும் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். தென்சென்னைப் புறநகரில் வானிலை அறிவிப்பின் குறை இன்று வானத்தில் இருப்பதைவிடத் தரையில்தான் அதிகம். எவ்வளவு பெய்யும் என்று ஓரளவு நம்பகமாகச் சொல்ல முடிகிறது. பெய்த மழை எந்த ஏரி வழியாக, எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்கு வரும் என்று சொல்வதற்கும், சொன்னதைக் கேட்டு ஏழை வீடு ஒன்று எழுந்து வெளியேறுவதற்கும் இடையில்தான் உயிர்கள் போகின்றன.

தகவல் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். 2015இல் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டதாகச் செய்தி பரவி, ஆற்றிலிருந்து வெகு தொலைவில் இருந்தவர்கள்கூடப் பதறினார்கள். நாசா எச்சரித்திருக்கிறது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு பொய் சுற்றியது. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக இன்னொன்று. பண்ணை நிர்வாகமே மறுக்க வேண்டியிருந்தது. மின்சாரம் போனது, செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன, விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததால் 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. செய்தி மிகவும் தேவைப்பட்ட நாளில் செய்தியைச் சுமந்துவரும் எல்லா வழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அடுத்த திட்டம் எதுவானாலும் இந்த அனுபவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதன்பின் அறிவியல் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் மீது 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடாருக்குத் துணையாக, பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் ஒரு எக்ஸ்-பேண்ட் ரேடார் வந்தது. அதே வளாகத்தில் இயங்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும், சென்னை ஐஐடி, மும்பை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவையும் சேர்ந்து ‘சிஃப்ளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை முறையை 2019இல் உருவாக்கின. மழை முன்கணிப்பு, ஆற்று நீரோட்டம், கடலின் ஓதம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றை ஒன்றாக இணைத்து எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் நிற்கும் என்று வரைபடமாகக் காட்டுவது அதன் வேலை. மாநில அரசின் ‘டிஎன்-அலர்ட்’ செயலி 2024இல் வந்தது. அலைபேசி எண்ணே தேவைப்படாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் எச்சரிக்கை முறை 2023இல் நாடு முழுக்கச் சோதிக்கப்பட்டது. அந்த ஓசை பலருக்கும் நினைவிருக்கும்.

முன்கணிப்பு தவறிய நாள்களும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையை வானிலை மையம் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதமே எழுதினார். குறுகிய பரப்பில், குறுகிய நேரத்தில் உருவாகும் மேகக்கூட்டங்களைக் கணிப்பது உலகில் எங்குமே கடினம். ஆனால் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் அப்படியானதல்ல. அதன் வருகை நாள்கள் முன்பே தெரிந்திருந்தது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்கு டிசம்பர் 4ஆம் தேதி முன்கூட்டியே பொது விடுமுறை விடப்பட்டது. சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்து மழையைக் கொட்டிய புயல், 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. கணிப்பு பெருமளவில் பலித்தது. அப்படியும் முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் படகு ஓடியது. மின்சாரமும் குடிநீரும் பாலும் இல்லாமல் பல பகுதிகள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. சரியான முன்கணிப்பும் முறையான மீட்பும் தனித்தனி வேலைகள் என்பதை அந்த வாரம் காட்டியது.

எங்கே பிழை? முதலில் அறிவிப்பின் மொழியைப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையின் அளவையில் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.க்கு மேல் கனமழை, 11.56 செ.மீ.க்கு மேல் மிகக் கனமழை, 20.44 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் படி கிடையாது. 21 செ.மீ. மழையும் தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. 21 செ.மீ.யில் முழங்கால் தண்ணீரோடு சமாளித்த வீடு 49 செ.மீ.யில் மூழ்கிப்போகும். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்று வண்ணங்களுக்கு விளக்கம் உண்டு. நம் வீடுகளில் சிவப்பு எச்சரிக்கை என்றதும் எழும் முதல் கேள்வி, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்பதுதான். மக்களைக் குறைசொல்லிப் பயனில்லை. செயலில் இறங்கு என்றவர்கள் என்ன செயல் என்று சொல்லவில்லையே.

இரண்டாவது பிழை பெரியது. எச்சரிக்கை மாவட்டவாரியாக வருகிறது. தண்ணீர் மாவட்டம் பார்த்து வருவதில்லை. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். அதற்கு அடுத்தாற்போல இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். 2015இல் இரண்டும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது ஒரே ஆற்றின் வெள்ளத்தில் சேர்ந்து மூழ்கும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு ஆட்சியர், இரண்டு கட்டுப்பாட்டு அறை என்றாகிவிட்டது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலைப் பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் அதில் சேரவில்லை. ஏரிகள் ஒரு துறையிடம், மழைநீர் வடிகால் இன்னொரு அமைப்பிடம், சாலைக்கடியில் போகும் பாலங்கள் மூன்றாவது துறையிடம், ரயில் பாதைக்கு அடியில் உள்ளவை ரயில்வேயிடம். “செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழைக்கு வாய்ப்பு” என்ற வாக்கியம் கடலோரக் கல்பாக்கத்துக்கும் மேற்கு தாம்பரத்துக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்கிறது. மேற்கு தாம்பரம் சி.டி.ஓ. காலனியில் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு பெண் அதைக் கேட்டு என்ன முடிவெடுக்க முடியும்?

இந்த நிலத்தின் அலகு ஏரி. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வது வெறும் புகழ்ச்சி அல்ல. ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே விழும் மழை பெருமளவு அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் உபரி இன்னொன்றின் வரத்தாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்காரர்களுக்கு எத்தனை மணி நேரம் அவகாசம் இருக்கிறது என்பதை இந்தச் சங்கிலியைத் தெரிந்தவர்களால் சொல்ல முடியும்.

ஒரு காலத்தில் அப்படிச் சொல்வதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். ஏரிப் பாசனம் நடந்த ஊர்களில் அவரை நீர்க்கட்டி என்பார்கள். மடை திறப்பதும் அடைப்பதும் வயல்களுக்கு நீர் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் கரையைச் சுற்றிவந்து, எங்கே கசிகிறது, கலங்கலில் எத்தனை விரற்கடை பாய்கிறது என்று பார்த்து ஊருக்குச் சொல்வதும் அவர்தான். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்ற ஒரு குழுவையே குறிப்பிடுகிறது. ஏரியைக் கவனிப்பது ஊராட்சியின் தலையாய வேலையாக இருந்த நிலம் இது. தாம்பரத்தைச் சுற்றிய வயல்கள் மனைகளானபோது ஆயக்கட்டு, அதாவது ஏரிநீர் பாயும் வயல்பரப்பு, இல்லாமல் போனது. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கு நீர்க்கட்டி எதற்கு? ஏரிகள் சில ஆக்கிரமிக்கப்பட்டன, சில கழிவுநீர்க் குட்டைகளாயின, சில நடைபாதையும் விளக்கும் வைத்த பூங்காக்களாயின. வயல்கள் இருந்த இடத்தில் இன்று பல மடங்கு மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கரையைச் சுற்றிவருகிற அந்த ஒற்றை ஆள் மட்டும் இல்லை. நவீன முன்னெச்சரிக்கை முறை எதை உருவாக்க முயல்கிறதோ அதன் தரைப்பகுதியை நாம் ஒரு தலைமுறைக்குள் சத்தமில்லாமல் கலைத்துவிட்டோம்.

கிழக்குப் பக்கச் சங்கிலியின் கடைசியில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் இந்தக் கேள்வி நீதியின் கேள்வியாகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்தச் சதுப்பையும் அதன் வெள்ள வழிகளையும் ஒட்டிய தாழ்நிலத்தில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்கள் வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி அங்கே அனுப்பப்பட்டன. ஓர் ஆற்றின் கரையிலிருந்து இன்னொரு நீர்வழியின் ஓரத்துக்கு. எட்டு மாடிக் கட்டடத்தில் தண்ணீர் மேல்தளத்துக்கு ஏறாது என்பது உண்மை. மின்சாரம் நின்றால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் நிற்கும். ஏழாவது மாடியில் இருக்கும் நடக்க முடியாத முதியவருக்கும் நிறைமாதப் பெண்ணுக்கும் அந்தக் கட்டடம் தீவாகிவிடும். இவர்களுக்குத் தேவையான வானிலைத் தகவல் வேறு. எத்தனை செ.மீ. என்பதைவிட, எத்தனை மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள், அதற்குள் குடங்களில் தண்ணீர் பிடிக்க வேண்டுமா, டயாலிசிஸ் நாளை இன்றைக்கே மாற்றிக்கொள்ள முடியுமா, பேருந்து எதுவரை போகும் என்பதே அவர்களுக்கு முன்னறிவிப்பு.

2024 அக்டோபர் மாதம் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவந்த கார்கள் இரவோடு இரவாக வரிசைகட்டி நின்றன. பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதை ஒரு நல்ல சான்றாகவே பார்க்கிறேன். மக்கள் முன்னறிவிப்பை நம்பினார்கள், முந்தைய இழப்பிலிருந்து கற்றார்கள், தங்களால் இயன்றதைச் செய்தார்கள். எதிர்பார்த்த அளவு மழை அன்று பெய்யவில்லை, தாழ்வு மண்டலம் வடக்கே விலகிக் கரை கடந்தது என்பதால் அவர்கள் செய்தது தவறாகிவிடாது. நான் கேட்பது இன்னொன்று. கார் வைத்திருப்பவருக்கு மேம்பாலம் இருந்தது. தையல் இயந்திரத்தை வைத்துப் பிழைப்பவர் அதை எந்த மேம்பாலத்தில் கொண்டுபோய் வைப்பார்? தள்ளுவண்டியை, இஸ்திரி வண்டியை, ஆட்டோவை, குளிர்சாதனப் பெட்டியை, ரேஷன் அட்டையும் பத்திரங்களும் இருக்கும் தகரப் பெட்டியை? இரும்புலியூரில் குடிசைக்குள் இருப்பவருக்குச் சிவப்பு எச்சரிக்கையால் கிடைப்பது பல மணி நேரப் பயம் மட்டுமே என்றால், அந்த எச்சரிக்கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வீட்டுவேலை, துப்புரவு, உணவு விநியோகம், கட்டட வேலை என்று அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் விடுமுறை அறிவிப்பாலும் பாதுகாக்கப்படுவதில்லை. போனால் ஆபத்து, போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வானிலைத் தகவல் ஒரு குடும்பத்தின் தாங்கும் திறனைக் கூட்ட வேண்டுமென்றால் அதோடு ஒரு மாற்றுவழியும் சேர்ந்து வரவேண்டும். பொருளை வைக்க ஓரிடம், போய்ச்சேர ஒரு வாகனம், இழந்த கூலிக்கு ஒரு சிறு தொகை. வெள்ளம் வடிந்தபின் தருகிற நிவாரணத் தொகையில் ஒரு பகுதியை வெள்ளத்துக்கு முந்தைய நாளே தந்தால் அதன் பயன் எவ்வளவோ கூடும். உலகின் பல நாடுகளில் இது சோதிக்கப்பட்டுவருகிறது. இங்கும் செய்ய முடியும்.

தகவலைக் கடைசி வீடு வரை கொண்டுசேர்ப்பதில் உலகத்துக்கே பாடமான ஓர் உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது ஒன்றுதான்: நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான வங்கக்கடல் அலை முன்கணிப்பைத் தினமும் எடுத்து, தமிழில் எழுதி, கடற்கரையை நோக்கி வைத்த ஒலிபெருக்கியில் ஊரைச் சேர்ந்தவர்களே வாசித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் கேட்டது. கைபேசி இல்லாதவருக்கும் கேட்டது. வலை பின்னிக்கொண்டே கேட்க முடிந்தது.

நல்லவாடு கிராமத்திலும் அத்தகைய ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலை, அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். கடல்நீர் உள்ளே வருவதை ஊரிலும் சிலர் கவனித்திருந்தார்கள். மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் வெளியேறியது. படகுகளும் வீடுகளும் போயின; உயிரிழப்பு இல்லை. சுனாமி எச்சரிக்கை மையம் என்று ஒன்று அன்று இந்தியாவில் இல்லை. ஹைதராபாத்தில் அது 2007இல்தான் வந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு, தினமும் பயன்பாட்டில் இருந்த ஒரு ஒலிபெருக்கி, அதன் குரலை நம்பிப் பழகிய மக்கள் என்ற மூன்றும் சேர்ந்து அன்று ஓர் ஊரைக் காப்பாற்றின. மூன்றில் நாம் அதிகம் கவனிக்காதது கடைசி இரண்டு. அந்த ஒலிபெருக்கி பேரிடருக்கென்று பூட்டிவைத்த கருவியாக இருந்திருந்தால் அன்று யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது. மீன் விலையையும் அலை உயரத்தையும் அரசுத் திட்டங்களையும் நாள்தோறும் சொல்லிவந்ததால்தான் “ஓடுங்கள்” என்று அது சொன்னபோது ஊர் ஓடியது.

வங்கதேசம் இதையே நாடு அளவில் செய்தது. 1970 போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின், 1972இல் புயல் தயார்நிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கிராமத்துக்குக் கிராமம் தொண்டர்களைப் பழக்கியது. கொடியும் மெகாபோனும் சைக்கிளும்தான் அவர்களின் கருவிகள். 1991 புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேலானோர் இறந்தார்கள். 2007இல் சிடர் புயலில் மரணங்கள் சில ஆயிரங்களாகக் குறைந்தன. நம் நாட்டில் ஒடிசா 1999இல் சுமார் பத்தாயிரம் உயிர்களை இழந்தது. 2013 பைலின் புயலில் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றி இறப்பைச் சில பத்துகளுக்குள் நிறுத்தியது. தொழில்நுட்பம் வளர்ந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கதவைத் தட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தாம்பரத்தில் கதவைத் தட்டுவது யார்? 2022இல் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. சாதியோடு பிணைந்த அந்த வேலை போனது சரியானதே. வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்றது ஆணை. புறநகரின் குறுக்குச் சந்துகளில் இரவு பதினொரு மணிக்கு, கொட்டும் மழையில் அந்த வாகனம் எந்தத் தெரு வரை போகும் என்பதை வார்டுவாரியாக யாராவது வரைந்து வைத்திருக்க வேண்டும். செயலி வேண்டும்தான். அதற்குக் கைபேசியில் மின்னூட்டமும் கோபுரத்தில் மின்சாரமும் வேண்டும். 2015, 2023 என இரண்டு முறையும் முதலில் போனவை அவைதான். ராஜீவ் காந்தி சாலைப் பக்கக் கட்டடப் பணியிடங்களில் தங்கியிருக்கும் ஒடியா, வங்காள, இந்தித் தொழிலாளர்களுக்குத் தமிழ் எச்சரிக்கை ஓசையாக மட்டுமே போய்ச்சேரும். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கி பயன்படாது, பார்வையற்றவருக்கு வண்ணக் குறியீடு பயன்படாது. தனியாக வாழும் முதியோர் இந்தப் புறநகரில் கணிசமாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், காவலாளிதான் துணை. இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மனிதக் கண்ணி தேவை. சுய உதவிக் குழுப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், குடியிருப்போர் நலச்சங்கத்தார், ஆட்டோ ஓட்டுநர்கள் என்று தெருவை வீடு வீடாக அறிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி, அடையாள அட்டை, செலவுத்தொகை ஆகிய மூன்றும் வேண்டும். தொண்டு என்ற பெயரில் ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கக் கூடாது.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். மழை எச்சரிக்கைக்கு இருக்கும் பரபரப்பு வெப்பத்துக்கு இல்லை. 2010 வெப்ப அலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை உருவாக்கியது. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சென்னை வட்டாரத்தில் வெப்பமானியின் எண் மட்டும் உண்மையைச் சொல்லாது. கடற்காற்று தாமதமாகும் நாள்களில் ஈரப்பதமும் சேர்ந்து உடலை வதைக்கும். தகரக் கூரைக்குக் கீழே இரவிலும் சூடு இறங்காது. குரோம்பேட்டைச் சந்தைத் தெருவிலும் தாம்பரம் பேருந்து நிலையத்திலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு, நாளை பிற்பகல் எந்த நேரத்தில் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்கிற அறிவிப்பும், ஓய்வெடுக்க நிழலும் தண்ணீரும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. தாம்பரத்தைச் சுற்றிய ஒவ்வொரு ஏரியின் கலங்கலிலும் தூரத்திலிருந்தே தெரிகிற அளவுகோல் ஒன்றை வரைய வேண்டும். தானியங்கி நீர்மட்டமானியை அதோடு சேர்த்துப் பொருத்தலாம். அந்த அளவு மழைக்காலத்தில் மணிக்கு ஒருமுறை பொதுவெளியில் வரவேண்டும். ஆதனூர் ஏரியின் நீர்மட்டம் செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தைப் போலவே தொலைக்காட்சியில் ஓட வேண்டும். 2015இலும் 2023இலும் தண்ணீர் எட்டிய உயரத்தைத் தெருமுனை மின்கம்பங்களில் கோடாக வரைந்து, எந்த அளவு வந்தால் எங்கே போக வேண்டும் என்று அதன் கீழேயே எழுத வேண்டும். மாவட்ட எல்லையை மறந்து, அடையாற்றின் மேற்பகுதிக்கு ஒன்று, பள்ளிக்கரணைச் சங்கிலிக்கு ஒன்று என இரண்டு கூட்டுக் கட்டுப்பாட்டு அறைகள் வேண்டும். சிஃப்ளோஸ் போன்ற முறைகளின் வரைபடங்கள் அதிகாரிகளின் திரையோடு நிற்காமல், தெருப் பெயரோடு தமிழில் மக்களுக்கு வரவேண்டும். தவறிப்போன கணிப்புகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை பொய்த்த எச்சரிக்கைக்கு விளக்கம் பெற்றவர்கள்தான் அடுத்த எச்சரிக்கையை நம்புவார்கள்.

ஒவ்வோர் ஏரிக்கும் ஊதியத்தோடு ஒரு நீர்க்கட்டியை மறுபடி நியமிக்க வேண்டும் என்பது என் கோரிக்கைகளில் முதன்மையானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாத வேலை. வார்டுக்கு ஒருவர் என்று வைத்தாலும் தாம்பரம் மாநகராட்சிக்கு எழுபது பேர்தான். ஒரு தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஆகும் செலவில் இது அடங்கும்.

2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். குடிநீர், சாலை, விளக்கு என்று மக்கள் தங்கள் தெருவின் தேவைகளைச் சொல்லும் இடம் அது. மழைக்காலத்துக்கு முன்பு உங்கள் வார்டில் கூடும் சபையில் எழுந்து நில்லுங்கள். எங்கள் தெருவுக்கு வருவது எந்த ஏரியின் தண்ணீர், அந்த ஏரியின் மட்டத்தை இரவில் பார்ப்பவர் யார், அவர் எங்களுக்கு எப்படிச் சொல்வார் என்று கேளுங்கள். பதிலை நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.